கரண்ட் வச்சா இடுப்பு வலி போயிருமா?

சிவகாசியிலோ சாத்தூரிலோ விருதுநகரிலோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் 'பிசியோதெரபி' என்று போர்டு போட்ட ஒரு மாடி அறைக்குள் எட்டிப் பாருங்கள். பச்சைத் துணித் திரை, நாலு கட்டில், நாலு பேர் குப்புறப் படுத்திருப்பார்கள். இடுப்புக்கு மேலே கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். அதிலிருந்து ஒயர் கிளம்பி ஒரு பெட்டிக்குப் போகும். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்காக்கா?" "இருக்கு தம்பி." "இன்னும் கொஞ்சம் கூட்டவா?" "போதும் போதும்." இருபது நிமிடம் கழித்து டைமர் 'கீங்' என்று கத்தும். அக்கா எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார். நாளைக்கும் வரணும். மொத்தம் பத்து சிட்டிங்.

ஊர் வழக்கில் இதற்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. புத்தகப் பெயர் டென்ஸ். தோலின் மேல் மின் பட்டைகளை ஒட்டி, லேசான மின்துடிப்பைச் செலுத்தி நரம்பைத் தூண்டுவது. இதன் அண்ணன் ஐ.எஃப்.டி. என்று ஒன்று உண்டு. அதில் அதிர்வெண் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம், சங்கதி ஏறக்குறைய அதேதான். வலித்த இடத்தில் கரண்ட் ஓடினால் வலி அடங்கும் என்பது வாக்குறுதி.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்க வேண்டும். அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்பவர் என்றால், பகல் முழுக்க அவர் இருந்த இடத்தில் கரண்டே கிடையாது. பல்பு கிடையாது, ஃபேன் கிடையாது, செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உடம்பில் ஏறும் நிலை மின்சாரம்கூட ஆகாது என்று, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பொறி பட்டால் அறையே போய்விடும். அவ்வளவு கவனமாகக் கரண்டைத் தவிர்த்துவிட்டு வந்த உடம்புக்கு, சாயங்காலம் காசு கொடுத்துக் கரண்ட் ஏற்றுகிறார்கள். என்ன செய்வது, வலிக்கிறதே!

வலி பொய் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். குழாய் சுற்றுவது, திரி வெட்டுவது, மருந்து அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாமே தரையில் உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலை. தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் போனாலும் தரைதான், குனிவுதான். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசியை விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தார். (யார் சம்மதித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.) நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், சாய்மானமில்லாமல் உட்காரும்போது 140, உட்கார்ந்து முன்னால் குனியும்போது 185. பின்னாளில் வேறு ஆட்கள் அளந்தபோது, வெறுமனே உட்காருவதற்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஆனால் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் ஏறுகிறது என்பது மாறவில்லை. இதை எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், தீபாவளி நெருங்கினால் அதற்கும் மேலே செய்கிற இடுப்பு 'நல்லாயிருக்கேன்' என்று சொன்னால்தான் ஆச்சரியம்.

சரி, மேட்டருக்கு வருவோம். கரண்ட் வைத்தால் போகுமா?

கரண்ட் வைக்கும் யோசனை நேற்று வந்ததில்லை. முதல் நூற்றாண்டு ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை வைக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். ஆனால் மரியாதையான விளக்கம் கிடைத்தது 1965-ல். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் முன்வைத்த 'வாசல் கட்டுப்பாடு' கோட்பாடு அது. கதவில் முழங்கை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது அல்லவா? தேய்த்தால் கொஞ்சம் குறைகிறது. தொடு உணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பு இழைகள் வேகமாகப் போய், வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளுக்குத் தண்டுவடத்தில் உள்ள வாசலைச் சாத்திவிடுகின்றன என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வாலும் வில்லியம் ஸ்வீட்டும் மின்தூண்டலால் இதைச் செய்து காட்டினார்கள். அதே 1967-ல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தண்டுவடத்தின் மேலேயே மின் கருவியைப் பொருத்தினார். அந்த ஆபரேஷன் யாருக்குப் பலன் தரும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்கத் தோலின் மேல் பட்டை ஒட்டிப் பார்த்தார்கள். சிலருக்கு அந்தச் சோதனையிலேயே வலி குறைந்தது. அப்புறம் என்ன, சோதனைக் கருவியே சிகிச்சைக் கருவி ஆகிவிட்டது.

கோட்பாடு அழகாக இருக்கிறது, கருவி சின்னதாக இருக்கிறது, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. விற்காமல் இருக்குமா? விற்றது. சோதித்தது பிற்பாடு.

ஒழுங்கான சோதனைகளில் பேர்போன ஒன்று 1990-ல் வந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும், நீண்டநாள் இடுப்பு வலிக்காரர்கள் 145 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு நிஜ டென்ஸ் பெட்டி, சிலருக்கு விளக்கு எரியும் ஆனால் கரண்ட் வராத டம்மிப் பெட்டி. இரண்டு தரப்பிலும் பாதிப் பேருக்கு உடற்பயிற்சியும் சேர்த்து. நாலு வாரம் கழித்துக் கணக்கு எடுத்தார்கள். நிஜப் பெட்டிக்காரர்களுக்கு வலி அளவுகளில் 47 சதவீதம் முன்னேற்றம். ஆஹா! டம்மிப் பெட்டிக்காரர்களுக்கு? 42 சதவீதம். நடுவில் உள்ள அந்த ஐந்து, தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். உடற்பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கூடுதல் பலன் இருந்தது. அவர்களும் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் பயிற்சியை விட்டுவிட்டார்கள், கிடைத்த பலனும் போய்விட்டது. (மனிதர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான்.)

இந்த 42-ஐத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 'எனக்குக் கேட்டுச்சே' என்று சொல்லும் அக்கா பொய் சொல்லவில்லை. கேட்டிருக்கும். இருபது நிமிடம் படுத்திருக்கிறார், யாரோ ஒருவர் அக்கறையாக விசாரிக்கிறார், குனியாமல் இருக்கிறார், நம்பிக்கையோடு இருக்கிறார். போதாததற்குப் புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிகிற ஜாதி. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் கிளினிக்குக்குப் போவார்கள். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே? பத்தாவது சிட்டிங் முடியும்போது அது இறங்கியிருக்கும். புகழ் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

ஒரு சோதனையை வைத்து ஆடக்கூடாது என்பீர்கள். நியாயம். 2008-ல் காக்ரேன் குழு நீண்டநாள் இடுப்பு வலிக்கான தரமான நாலு சோதனைகளை, மொத்தம் 585 பேரை, சேர்த்து வைத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையாக டென்ஸைக் கொடுக்க ஆதாரம் போதாது என்று முடித்தது. 2010-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, நீண்டநாள் இடுப்பு வலிக்கு இது பலனில்லை என்றே சொல்லிவிட்டது. 2012 ஜூனில் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு டென்ஸ் வைத்தால், ஆராய்ச்சிக்குள் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் காசு கிடையாது என்று கையை விரித்தது. 2016-ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு இடுப்பு வலிக்கு டென்ஸும் வேண்டாம், ஐ.எஃப்.டி.யும் வேண்டாம் என்றது. கடைசியாக 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், காரணம் இன்னதென்று தனியாகச் சுட்ட முடியாத நீண்டநாள் இடுப்பு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வேண்டாத பட்டியலில் டென்ஸ் இருக்கிறது. இடுப்பில் கட்டும் பெல்ட்டும், எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்ஷனும் பக்கத்திலேயே இருக்கின்றன. நம்மூர் கிளினிக்கின் சாமான் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றும் :)

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது ஏமாற்று. 2022-ல் 381 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. எல்லா வகை வலியையும் சேர்த்து எடுத்தால், கரண்ட் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலியின் அளவு டம்மியைவிடக் குறைவாக இருக்கிறது என்று அது சொல்கிறது. ஆகவே 'டென்ஸ் முழுப் பித்தலாட்டம்' என்று யாராவது சொன்னால் அதுவும் தப்பு. பெரிய ஆபத்தும் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் 'ஓடும்போது குறைகிறது' என்பது ஒரு வாக்கியம், 'குணமாகிறது' என்பது வேறு வாக்கியம். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விற்பதுதான் இங்கே பிரச்சினை. பெட்டியை அணைத்துவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆலை வேன் ஏறி அதே தரையில் அதே குனிவுக்குப் போகிறவருக்கு, முந்தின நாள் இருபது நிமிட நிம்மதியால் என்ன பிரயோஜனம்?

காமர்ஸ் படிக்கிறவர்கள் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாள் கூலி 400. சிட்டிங் 200 வீதம் பத்துக்கு 2,000. பஸ் 40 வீதம் 400. நேரத்தோடு கிளினிக் போக வேண்டும் என்று பத்து நாளும் மதியத்தோடு வேலையை விட்டால் பாதிக்கூலி நஷ்டம், இன்னொரு 2,000. ஆக மொத்தம் 4,400. பதினோரு நாள் கூலி. டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, மாத்திரை இதில் வரவில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் என்றால், போகாத நேரத்துக்கு ஒரு பைசா வராது.

எதிர்ப் பக்கம் பாருங்கள். பெட்டி நாலாயிரம் என்று வைத்தால், 200 வீதம் இருபது சிட்டிங்கில் முதல் வந்துவிடும். இரண்டே நோயாளி. பிரேக்-ஈவன் பாயின்ட் கணக்குகளில் இவ்வளவு சுலபமான கணக்கை எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். அதற்குமேல் வருவதெல்லாம் வாடகையும் பட்டைக்கான ஜெல்லும் போக லாபம்.

இதற்காகப் பிசியோதெரபிஸ்டுகளைத் திட்டினால் பாதி உண்மைதான் பேசியதாகும். நாலரை வருடம் படித்துவிட்டு வரும் அவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. இடுப்பு வலிக்குப் பயிற்சிதான் முதல் என்று அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒருவருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் பக்கத்தில் நிற்க வேண்டும், செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் செய்தாரா என்று கேட்க வேண்டும். அந்த அரைமணியில் நாலு பேருக்கு பெட்டியைப் போட்டுவிடலாம். பெட்டி தானே ஓடும். வருகிறவர்களும் "வெறும் எக்சர்சைஸ்தான் சொன்னாரு, கரண்ட் ஒண்ணும் வைக்கல" என்று கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள். ஊசி போடாத டாக்டரை மதிக்காத ஊர் அல்லவா.

ஆனால் கோபப்பட வேண்டிய ஆள் பெட்டி வைத்திருப்பவர் மட்டுமல்ல.

பட்டாசுத் தொழிலில் 'பாதுகாப்பு' என்றாலே வெடிவிபத்துதான். அதில் தப்பேயில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது, சுமார் 40 பேர் ஒரே நாளில் போனார்கள். அறைக்கு இத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம், இவ்வளவு மருந்து என்று நாக்பூர் லைசென்ஸ் விதிகள் இருப்பது அதற்காகத்தான். ஆனால் வெடிக்காமல், செய்தியில் வராமல், நாற்பது வயதில் ஒரு பெண்ணின் இடுப்பு மட்டும் மெதுவாக வீணாய்ப் போவதற்கு எந்த விதியில் இடம்? 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்கள் 44-ஆம் பிரிவில், நின்றே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக்கடை நகைக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தார்கள். நல்ல திருத்தம், யாரும் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே கிடப்பவருக்கு எழுந்து நிற்கும் உரிமையைப் பற்றி மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்களுக்குச் சிகிச்சை இலவசம், நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பதிவேட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும், டாக்டர் சர்டிபிகேட்டோடு முழுநாள் லீவு போட வேண்டும். பாதிநாள் போய்க் கரண்ட் வைத்துவிட்டு வருவதற்கெல்லாம் அது கிடையாது. வீட்டில் உட்கார்ந்து குழாய் சுற்றிக் கொடுப்பவருக்கும், பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கும் அந்தப் பேச்சே இல்லை. அவர்கள்தான் சாயங்காலம் அந்த மாடிப்படி ஏறுகிறவர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி, செய்யலாம் என்று சொல்பவற்றில் முன்னால் நிற்பவை உடற்பயிற்சியும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரிய வைப்பதும். படுத்தே கிடக்காமல் நடமாடச் சொல்கிறார்கள். இதற்குப் பெட்டி வேண்டாம், பாய் போதும். (கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, மலஜலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, காய்ச்சலோடு வலி வந்தாலோ, கீழே விழுந்து வந்த வலி என்றாலோ, அப்போது பாயும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.)

வேலை இடத்தில் என்ன செய்யலாம் என்பதும் ராக்கெட் விஞ்ஞானமில்லை, ராக்கெட் செய்கிற ஊராக இருந்தாலும். உட்கார ஒரு சாண் உயர மணைப்பலகை, மடியில் குனியாமல் கை எட்டும் உயரத்தில் வேலைப் பலகை, ஒரே ஆளை வருடக்கணக்கில் ஒரே வேலையில் வைக்காமல் மாற்றி மாற்றிப் போடுவது. மணிக்கு ஒருதடவை ஐந்து நிமிடம் எழுந்து வெளியே மரத்தடிவரை நடந்துவிட்டு வருவது. திரும்பி வரும்போது செம்புத் தகட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை.

போர்மேன் என்ன சொல்வார் என்று தெரிந்ததே: "யாரு வேண்டாங்கிறா? எந்திரிச்சுப் போங்க." யாரும் எழுந்திரிக்க மாட்டார்கள். பீஸ் ரேட்டில் ஐந்து நிமிடம் என்பது சுற்றாத குழாய், கைக்கு வராத காசு. ஆகையால் 'இடைவேளை தருகிறோம்' என்று நோட்டீஸ் ஒட்டினால் போதாது, அதற்குக் கூலியும் சேர வேண்டும். எவ்வளவு? எட்டு மணி நேரத்தில் நாற்பது நிமிடம். 400 ரூபாய்க் கூலியில் அது 33 ரூபாய் சொச்சம். மேலே போட்ட 4,400 ரூபாயை இதால் வகுத்தால் 132 நாள் இடைவேளை.

இதைக் கேட்டால் ஆலை உரிமையாளர்கள் தரப்பு சும்மா இருக்காது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டதிலிருந்து தொழிலே ஆட்டம் கண்டுவிட்டது, இதில் ஆளுக்கு 33 ரூபாய் எங்கே போவது என்பார்கள். கஷ்டம் நிஜம்தான், சரம் பின்னியவர்கள் பலருக்கு அதோடு வேலையும் போனது. ஆனால் செலவு இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அது இப்போதும் யாரோ ஒருவர் கணக்கில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆலையின் லாப நஷ்டக் கணக்கில் இல்லை, சாத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அக்காவின் சுருக்குப் பையில் இருக்கிறது, நாளைக்கு ஏழாவது சிட்டிங்குக்கு எடுத்து வைத்த இருநூறாக.